இரும்பின் சாட்சியம்

நுழையும்முன்

கல்வெட்டும் ஓலைச்சுவடியும் நாணயமும் வரலாற்றுச் சான்றுகள் என்பதை அனைவரும் அறிவர். பழைய படைக்கருவியும் அத்தகைய சான்றுகளுள் ஒன்று. அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கும் ஒரு குதிரைப்படைத் துப்பாக்கி எங்கே செய்யப்பட்டது, யாருக்கு உரிமையாயிருந்தது, எந்தப் படைப்பிரிவில் பணியாற்றியது என்பவற்றைக் கண்டறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது. சான்று எதுவரை பேசுகிறதோ அதுவரை மட்டுமே பேசும் நேர்மையே இந்த ஆய்வின் உயிர்.

வடசென்னையில் தொடங்கும் தடம்

மகாகவி பாரதி நகர் என்னும் பெயரின் சுருக்கமே எம்.கே.பி. நகர். வடசென்னையின் இப்பகுதியிலிருந்து கோட்டை நோக்கிப் பயணம் செய்பவர் வியாசர்பாடியைக் கடந்து புளியந்தோப்பை அடைவார். அங்குள்ள 'பவுடர் மில்ஸ் சாலை' என்னும் பெயர், கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து வெடிமருந்து ஆலையின் நினைவைத் தாங்கி நிற்கிறது. சற்றுக் கிழக்கே இராயபுரம் தொடர்வண்டி நிலையம் உள்ளது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி, 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அங்கிருந்துதான் ஆர்க்காட்டை அடுத்த வாலாஜா ரோடு வரை ஓடியது. தெற்கே கடற்கரையோரம் புனித ஜார்ஜ் கோட்டை நிற்கிறது. அதனுள் 1948இல் தொடங்கப்பட்ட கோட்டை அருங்காட்சியகத்தில் கம்பெனிக் காலத்துப் படைக்கருவிகள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

இவை தொடர்பற்ற இடங்களாகத் தோன்றலாம். ஆயினும், கம்பெனியின் குதிரைவீரன் ஒருவன் ஏந்திய துப்பாக்கியின் வாழ்க்கை இவ்விடங்களோடு பின்னியது. இங்கிலாந்தில் செய்யப்பட்ட துப்பாக்கிகள் மரப்பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கப்பலில் வந்தன. அன்று சென்னையில் துறைமுகம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் துறைமுகம் கட்டும் பணி தொடங்கியது. அதுவரை கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, ஆணியின்றிக் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து சரக்குகளைக் கரை சேர்த்தன. பெட்டிகள் கோட்டையின் படைக்கலச் சாலையை அடைந்தபின், அங்கிருந்து ஆர்க்காடு போன்ற குதிரைப்படைப் பாசறைகளுக்குத் துப்பாக்கிகள் அனுப்பப்பட்டன.

இவ்வளவு தொலைவு பயணம் செய்த ஒரு பொருள், தன் வரலாற்றைத் தன் உடலிலேயே சுமந்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

குதிரைமேல் ஏறிய துப்பாக்கி

ஆய்வின் முதற்படி, கையிலுள்ளது குதிரைப்படைக் கருவிதானா என்று உறுதிசெய்வது. காலாட்படை வீரன் நின்றோ மண்டியிட்டோ சுடுவான். ஆகவே அவனுடைய துப்பாக்கி நீளமாக இருக்கலாம். கம்பெனியின் காலாட்படைக்கு வழங்கப்பட்ட 'இந்தியா பேட்டர்ன்' என்னும் மஸ்கட் துப்பாக்கியின் குழல் 39 அங்குலம், அதாவது ஏறத்தாழ 99 சென்டிமீட்டர் நீளமுடையது. குதிரையின்மேல் அமர்ந்திருப்பவனுக்கு அந்த நீளம் பெரும் இடையூறு. ஒரு கையில் கடிவாளம் இருக்க, மறு கையால் ஆளத்தக்க குறுகிய துப்பாக்கியே அவனுக்கு வேண்டும். அதன் பெயர் கார்பைன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெயர்பெற்ற 'பேஜட் கார்பைன்' என்னும் வகையின் குழல் 16 அங்குலமே, அதாவது 41 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு.

நீளம் மட்டுமே அடையாளமன்று. கார்பைனின் இடப்பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பியும் அதில் நகரும் வளையமும் இருக்கும். வீரனின் தோளில் குறுக்காகச் செல்லும் தோல்வாரிலுள்ள கொக்கி இவ்வளையத்தில் மாட்டப்படும். குதிரை பாயும்போது துப்பாக்கி கைநழுவினாலும் தரையில் விழாது. குண்டையும் மருந்தையும் குழலுக்குள் திணிக்கப் பயன்படும் கோலும் குதிரைவீரனுக்குச் சிக்கல் தருவதே. ஓடும் குதிரையிலிருந்து அது விழுந்துவிட்டால் துப்பாக்கி பயனற்றுப் போகும். எனவே, கோலைக் குழலின் முனையோடு பிணைத்துச் சுழலும்படி அமைத்த துப்பாக்கிகள் பின்னர் வந்தன. சேணத்தின் முன்புறத் தோலுறையில் வைக்கப்பட்ட கைத்துப்பாக்கியும் குதிரைவீரனின் கருவிகளுள் ஒன்று. இத்தனை இருந்தும், நெருங்கிப் பொரும் வேளையில் அவனுடைய முதன்மையான படைக்கலம் வாளே. இவ்வுண்மை பின்னர் நடக்கும் ஆய்வுக்குத் தேவைப்படும்.

பொறிப்புகளைப் படித்தல்

வெடிவிசை பொருத்தப்பட்ட தகடு, குழலின் அடிப்பகுதி, தோளில் அழுந்தும் அடிக்கட்டையின் பித்தளைத் தகடு ஆகிய மூன்று இடங்களில் ஆய்வாளர் முதலில் பொறிப்புகளைத் தேடுவர்.

விசைத்தகட்டில் உரிமையாளரின் முத்திரை இருக்கும். கம்பெனியின் பழைய முத்திரை இதய வடிவமுடையது. அவ்வடிவம் நான்கு அறைகளாகப் பிரிக்கப்பட்டு, கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகள் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கும். உச்சியில் 4 என்னும் எண்ணைப் போன்ற ஒரு குறி நிற்கும். சரக்குப் பொதிகளில் இடப்பட்ட வணிகக் குறியே துப்பாக்கியிலும் இடம்பெற்றது. துணிப்பொதிக்கும் கொலைக்கருவிக்கும் ஒரே முத்திரை என்பது, வணிகக் குழு ஒன்று படை வைத்து நாடாண்ட அக்கால நிலையைச் சொல்லாமல் சொல்கிறது. ஏறத்தாழ 1808 முதல் இதயக் குறிக்கு மாற்றாக, முடியை ஏந்தி நிற்கும் சிங்கத்தின் உருவம் பொறிக்கப்பட்டது. ஆகவே, இதயக் குறியுடைய விசைத்தகடு அதற்கு முற்பட்டது எனவும், சிங்கக் குறியுடையது பிற்பட்டது எனவும் பொதுவாகக் கொள்ளலாம். பழைய விசைத்தகடுகளில் வில்சன், பார்னெட், ஹென்றி நாக் போன்ற துப்பாக்கி செய்வோரின் பெயர்களும் செய்யப்பட்ட ஆண்டும் காணப்படுவதுண்டு.

குழலின் அடிப்பகுதியில் சோதனை முத்திரைகள் இருக்கும். வழக்கத்தினும் மிகுதியான மருந்திட்டு வெடித்துப் பார்த்து, குழல் பிளவாமல் தாங்கிய பின்னரே இம்முத்திரை இடப்படும். பர்மிங்காம் நகரின் சோதனைச் சாலை 1813ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவப்பட்டது. எனவே, அச்சாலையின் முத்திரை இருந்தால் குழல் அவ்வாண்டுக்கு முன்னர்ச் சோதிக்கப்பட்டிருக்க இயலாது.

அடிக்கட்டைத் தகட்டில் எண்களும் எழுத்துகளும் வெட்டப்பட்டிருக்கும். படைப்பிரிவின் எண், அதன் உட்பிரிவு, துப்பாக்கியின் வரிசை எண் ஆகியவற்றை இவை குறிக்கலாம். இங்குக் 'குறிக்கலாம்' என்னும் சொல்லே பொருத்தமானது. படைக்கலச் சாலையின் இருப்பு எண்ணாகவும் அது இருக்கக்கூடும்.

தெரிந்து தெளிவோம்

'துப்பாக்கி' என்னும் சொல் துருக்கி மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. தீப்பொறி எழுப்பும் கல்லைக் குறிக்கும் 'சக்கிமுக்கி' என்னும் சொல்லும் அவ்வாறு வந்ததே. கருவிகள் பயணம் செய்யும்போது அவற்றின் பெயர்களும் உடன் பயணம் செய்கின்றன.

முன்னெல்லையும் பின்னெல்லையும்

ஒரு துப்பாக்கிக்கு ஒரே காலம் உண்டு என எண்ணுதல் கூடாது. பழைய துப்பாக்கிகள் சக்கிமுக்கிக் கல்லால் இயங்கின. விசையை இழுத்தால், கல்லைக் கவ்விய சுத்தி எஃகுத் தகட்டில் மோதும். எழும் தீப்பொறி சிறு கிண்ணத்திலுள்ள மருந்தைப் பற்றவைக்கும். அத்தீ குழலின் துளை வழியே உட்சென்று உள்ளிருக்கும் மருந்தை வெடிக்கச் செய்யும். மழையிலும் பெருங்காற்றிலும் இம்முறை அடிக்கடி பொய்த்தது. பின்னர், அடித்தவுடன் வெடிக்கும் வேதிப்பொருளை அடக்கிய சிறு செப்பு மூடி வழக்கத்திற்கு வந்தது. 1840களில் படைகள் படிப்படியாக இப்புதிய முறைக்கு மாறின. பழைய துப்பாக்கிகள் சில தூக்கியெறியப்படாமல் புதிய முறைக்கேற்பத் திருத்தப்பட்டன. கிண்ணம் இருந்த இடத்தில் அடைக்கப்பட்ட திருகுத் துளைகள் அம்மாற்றத்தைக் காட்டிக்கொடுக்கும்.

எடுத்துக்காட்டாக, ஒரு கார்பைன் கிடைத்திருப்பதாகக் கொள்வோம். விசைத்தகட்டில் இதயக் குறியும் 1796 என்னும் ஆண்டும் உள்ளன. கிண்ணம் நீக்கப்பட்டு, செப்பு மூடிக்கான அமைப்பு பொருத்தப்பட்டுள்ளது. அடிக்கட்டைத் தகட்டில் 7 என்னும் எண்ணும், ஓர் எழுத்தும், 31 என்னும் எண்ணும் உள்ளன. இவற்றிலிருந்து பெறப்படுபவை யாவை? அதன் விசைத்தகடு 1796இல் செய்யப்பட்டது. அது கம்பெனியின் உடைமையாக இருந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளோ அதற்கு மேலோ கழிந்த பின்னும் அது பயன்பாட்டிற்குரியதாகக் கருதப்பட்டுத் திருத்தப்பட்டது. ஏழாம் எண்ணுள்ள ஒரு பிரிவோடு அதற்குத் தொடர்பு இருந்திருக்கலாம். பொருள் தரும் செய்தி இத்துடன் முடிகிறது.

வழிதவறச் செய்யும் தடயங்கள்

இவ்விடத்தில்தான் ஆய்வாளருக்கு எச்சரிக்கை மிகுதியும் தேவை. பெயர், முத்திரை, எண் ஆகிய மூன்றுமே வழிதவறச் செய்யும் ஆற்றல் உடையவை.

முதலாவது, பெயர். 'இந்தியா பேட்டர்ன்' என்னும் பெயரைக் கண்டவுடன் அத்துப்பாக்கி இந்தியாவில் பணியாற்றியது என முடிவு செய்தல் தவறு. 1793இல் பிரான்சுடன் போர் மூண்டபோது பிரிட்டிஷ் அரசிடம் போதிய துப்பாக்கிகள் இல்லை. அது கம்பெனிக்காகச் செய்யப்பட்டவற்றைப் பெற்றுக்கொண்டதோடு, பின்னர் அதே அமைப்பைத் தன் படைக்கும் ஏற்றுக்கொண்டது. இந்தியாவின் பெயரைத் தாங்கிய அவ்வகைத் துப்பாக்கிகள் பல, இந்திய மண்ணைக் காணாமல் ஐரோப்பியப் போர்க்களங்களிலேயே பயன்பட்டன.

இரண்டாவது, முத்திரை. விசைத்தகடு ஒரு துப்பாக்கியிலிருந்தும் குழல் மற்றொன்றிலிருந்தும் எடுக்கப்பட்டு ஒன்றாக்கப்படுவது படைக்கலச் சாலைகளில் இயல்பாக நடந்தது. அவ்வாறாயின் தகட்டின் ஆண்டு குழலுக்குப் பொருந்தாது. விற்பனைக்காக அண்மையில் பொறிக்கப்பட்ட போலி முத்திரைகளும் உண்டு.

மூன்றாவது, எண். படைப்பிரிவுகளின் எண்கள் நிலையானவை அல்ல. சென்னைக் குதிரைப்படையின் பிரிவு ஒன்று 1784இல் கிண்டியில் உருவாக்கப்பட்டது. பலமுறை எண் மாறிய அப்பிரிவு, 28 என்னும் எண்ணைத் தாங்கியிருந்து, 1922இல் 7 என்னும் எண்ணைப் பெற்றது. இந்திய இராணுவத்தின் '7ஆவது இலகு குதிரைப்படை' இதுவே. 1948ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், காசுமீரத்தின் சோஜி லா கணவாய்க்குக் கவச ஊர்திகளை ஏற்றிச் சென்று பெயர்பெற்றதும் இப்பிரிவே. ஆனால், 1806இல் ஆர்க்காட்டில் இருந்த சென்னைக் குதிரைப்படையின் ஏழாம் பிரிவு இதனின் வேறானது. தகட்டிலுள்ள 7 என்னும் எண்ணை இன்றைய ஏழாம் பிரிவோடு இணைப்பவர் இரண்டு வரலாறுகளையும் சிதைத்துவிடுவார்.

ஆவணத்தின் துணை

பொருள் எழுப்பும் வினாக்களுக்கு ஆவணங்களே விடை தரவேண்டும். எழும்பூரில் 1909ஆம் ஆண்டு முதல் தனிக்கட்டடத்தில் இயங்கிவரும் தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் சென்னை மாகாணத்தின் பழைய நிருவாகப் பதிவுகள் உள்ளன. இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்திலும் கம்பெனியின் பதிவுகள் காக்கப்படுகின்றன. எந்தப் பிரிவு எந்த ஆண்டில் எங்கே தங்கியிருந்தது, எந்தப் போரில் ஈடுபட்டது, எப்போது கலைக்கப்பட்டது என்பனவற்றை இத்தகைய பதிவுகளின் துணையோடு அறியலாம். பொருளில் உள்ள எண்ணும் ஆவணத்தில் உள்ள இடமும் காலமும் ஒன்றோடொன்று பொருந்தினால் மட்டுமே துப்பாக்கியின் பணிவரலாறு ஓரளவு உறுதிபெறும்.

மேற்கூறிய கார்பைனுக்கு இம்முறையைப் பொருத்திப் பார்க்கலாம். சென்னைக் குதிரைப்படையின் ஏழாம் பிரிவு, 1803ஆம் ஆண்டு செப்டம்பர் 23 அன்று நடந்த அசாயிப் போரில் பங்கேற்றது. 1806இல் அதன் ஒரு பகுதி ஆர்க்காட்டிலிருந்து வேலூருக்கு விரைந்தது. இவ்விரு செய்திகளையும் கண்டவுடன், 'வேலூர்ப் புரட்சியில் பயன்பட்ட துப்பாக்கி' என்று அதன்மேல் பெயர்ச்சீட்டு ஒட்டிவிடத் தோன்றும். அவ்வாறு ஒட்டுவதற்கு முன் அந்நாளின் நிகழ்வுகளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இருபுறமும் ஒரே முத்திரை

1806ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். சமயக் குறிகளை நெற்றியில் இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும், புதுவகைத் தலைப்பாகையை அணிய வேண்டும் என்னும் ஆணைகள் அவர்களின் மனத்தைப் புண்படுத்தியிருந்தன. செய்தி ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஆர்க்காட்டை எட்டியது. அங்கிருந்து கர்னல் கில்லஸ்பி, பிரிட்டிஷ் குதிரைப்படையின் 19ஆம் பிரிவினருடனும் சென்னைக் குதிரைப்படையினருடனும் விரைந்து வந்தார். குதிரைகள் இழுத்துவந்த சிறு பீரங்கிகளால் கோட்டைக் கதவு தகர்க்கப்பட்டது. குதிரைவீரர்கள் வாளேந்தி உள்ளே பாய்ந்தனர். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் உயிரிழந்தனர். கிளர்ந்தெழுந்த பிரிவுகள் பின்னர்க் கலைக்கப்பட்டன.

இந்நிகழ்வை மனத்திற்கொண்டு மீண்டும் அந்தக் கார்பைனை நோக்கினால் இரண்டு உண்மைகள் புலப்படும். குதிரைவீரர்கள் அன்று வாளால் போரிட்டனர் என்பதால், ஏழாம் பிரிவின் துப்பாக்கி வேலூர்வரை சென்றிருந்தாலும் ஒருமுறையேனும் வெடித்திருக்கவேண்டும் என்பதில்லை. இது முதல் உண்மை. இரண்டாவது உண்மை இன்னும் ஆழமானது. கோட்டைக்குள் கிளர்ந்தெழுந்தவர்களும் கம்பெனியின் சிப்பாய்களே. அவர்களை ஒடுக்க வந்தவர்களுள் ஒரு பகுதியினரும் கம்பெனியின் இந்திய வீரர்களே. இருசாராருக்கும் படைக்கலம் வழங்கியது அதே கம்பெனிதான். கதவின் இருபுறமும் நின்ற துப்பாக்கிகளில் இருந்தது ஒரே முத்திரை. ஒரு துப்பாக்கி யாருடைய உடைமை என்பதை முத்திரை கூறும். அதை ஏந்திய கை எதற்காகப் போரிட்டது என்பதை அது கூறாது.

எனவே, நேர்மையான ஆய்வாளர் தம் முடிவுகளை மூன்றாக வகுத்து எழுதுவார். 'கம்பெனிக்குரிய விசைத்தகடு, 1796' என்பது உறுதி. 'சென்னைக் குதிரைப்படையின் ஏழாம் பிரிவில் இருந்திருக்கலாம்' என்பது வாய்ப்பு. 'வேலூரில் பயன்பட்டது' என்பது ஊகம். ஊகத்தை உறுதியாக எழுதுவது, அன்று இறந்தவர்களின் வரலாற்றில் நடவாத ஒன்றைச் சேர்ப்பதாகும்.

காக்கும் கடமை

பழைய துப்பாக்கியின் பொறிப்புகள் மயிரிழை அளவே ஆழமுடையவை. துருவைப் போக்கும் எண்ணத்தில் உப்புத்தாளால் தேய்த்தால், இருநூறு ஆண்டுகளாக நிலைத்திருந்த சான்று சில நிமிடங்களில் அழிந்துபோகும். வீட்டுப் பரணிலோ தோண்டிய நிலத்திலோ பழைய துப்பாக்கி கிடைத்தால், அதைத் துடைக்கவும் கூடாது; இயக்கிப் பார்க்கவும் கூடாது. குழலுக்குள் மருந்து எஞ்சியிருக்கக்கூடும். காவல் நிலையத்திற்கு உடனே தெரிவிப்பதே முறை. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டமும், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டமும் இத்தகைய பொருள்களோடு தொடர்புடையவை. கிடைத்த இடம், கிடைத்த நிலை, உடனிருந்த பொருள்கள் ஆகியவற்றைக் குறித்துவைப்பது ஆய்வுக்குப் பெருந்துணையாகும். இடத்திலிருந்து பிரிக்கப்பட்ட பொருள் பாதிச் சாட்சியத்தை இழந்துவிடுகிறது.

நடுகல்லும் துப்பாக்கியும்

போரில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் எடுப்பது தமிழர் மரபு. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவது வரை அதன் நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்கள், ஆண்ட மன்னனின் ஆட்சியாண்டையும் வீரனின் பெயரையும் அவன் வீழ்ந்த பூசலையும் எழுத்தில் தாங்கி நிற்கின்றன. அக்கற்களில் மனிதனுக்குப் பெயர் உண்டு; அவன் ஏந்திய வாளுக்கு எண் இல்லை.

கம்பெனியின் துப்பாக்கியில் இந்நிலை தலைகீழாகிறது. செய்தவர் பெயர், சோதித்தவர் முத்திரை, உரிமையாளர் குறி, வரிசை எண் ஆகிய அனைத்தும் அதில் உண்டு. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆர்க்காட்டிலிருந்து குதிரை ஏறிய வீரனின் பெயர் மட்டும் இல்லை. துப்பாக்கி தொலைந்தால் கணக்குக் கேட்க எண் வேண்டியிருந்தது. மனிதன் தொலைந்தால் அந்த இரும்பில் எழுதிவைக்க யாருக்கும் தேவை ஏற்படவில்லை.

பழம்பொருளின் பணிவரலாற்றைத் தேடும் ஆய்வு இந்த வெற்றிடத்தை நோக்கியே செல்கிறது. எண்ணிலிருந்து படைப்பிரிவுக்கும், பிரிவிலிருந்து பாசறைக்கும், பாசறையின் பதிவேடுகளிலிருந்து அங்கு வாழ்ந்த வீரர்களுக்கும் அது ஒவ்வொரு படியாக முன்னேறுகிறது. எல்லாத் தேடலும் ஒரு பெயரில் முடிவதில்லை. ஆயினும், வேலூரில் அன்று வீழ்ந்தோரின் நினைவாக ஒரு தூண் நிற்பதைப்போல, பேழைக்குள் கிடக்கும் ஒவ்வொரு துப்பாக்கியின் பின்னும் ஒரு மனிதன் நிற்கிறான் என்பதை அத்தேடல் மறவாமல் வைத்திருக்கிறது.